உள்ளே வைத்த டம்ளர்

மார்ச் 4 – 300
மார்ச் 19 – 300
ஏப்ரல் 2 – 300
ஏப்ரல் 23 – கீபேடுக்கு 850, வருகைக்கு ஒன்றுமில்லை

மைக்ரோவேவ் மெக்கானிக் ஒருவர் ஒரே வீட்டுக்கு நான்கு முறை போய்வந்த கணக்கு இது. முதல் மூன்று ஜாப் கார்டுகளிலும் ஒரே வாசகம்: ‘பழுது இல்லை.’ அதை எழுத அவருக்கு ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. நான்காவது கார்டை எழுத இருபது நிமிடம் பிடித்தது.

அவருக்கு வயது ஐம்பத்தேழு. சர்வீஸ் சென்டரில் ‘டம்ளர்’ என்று சொன்னால்தான் ஆளைத் தெரியும். பையில் ஸ்குரூ டிரைவர் இருக்கிறதோ இல்லையோ, துணியில் சுற்றிய கண்ணாடி டம்ளரும் ஒரு வெப்பமானியும் இருக்கும். எந்த வீட்டுக்குப் போனாலும் பிளக்கைப் பிடுங்கி, மெஷினைக் கூடத்து மேஜைக்குத் தூக்கி வந்து, டம்ளரில் தண்ணீர் வைத்து இரண்டு நிமிடம் ஓட்டி, சூடு எத்தனை ஏறியது என்று குறிப்பார். சமையலறை ஈரத்தில் மெஷினில் கை வைக்காதே என்று இருபத்தாறு வருடத்துக்கு முன் சொன்னார்கள். அந்த வழக்கத்தை அவர் ஒருநாளும் மீறியதில்லை.

அந்த வீட்டில் தனியாக இருந்தவர் டெலிபோன் ஆபரேட்டராக ஓய்வுபெற்ற அம்மாள், வயது அறுபத்தெட்டு. யாரும் தொடாமலே மெஷினில் விளக்கு எரிகிறது, தட்டு சுற்றுகிறது, அரை நிமிடத்தில் தானே நின்றுவிடுகிறது என்பது அவருடைய புகார். ஆனால் மூன்று முறையும் மேஜைக்கு வந்ததும் மெஷின் பெட்டிப்பாம்பாக அடங்கிக் கிடந்தது.

ஏப்ரல் 23, காலை ஒன்பது நாற்பது. லிஃப்ட் ஓடவில்லை. மூன்று மாடி ஏறி முடிக்கும்போது வலது முழங்கால் கெஞ்சியது. அன்றைய பட்டியலில் இன்னும் ஆறு வீடு பாக்கி.

கதவைத் திறந்தவர் அம்மாளின் தம்பி. “வாங்க. இந்தத் தடவையும் அதையேதான் எழுதப் போறீங்க. எழுதிட்டீங்கன்னா நானும் இதை முடிச்சிடுவேன்.”

மேஜையில் மூன்று கார்டுகளும், பக்கத்தில் முதியோர் விடுதிப் படிவமும் இருந்தன. ஒன்றாம் தேதியிலிருந்து அக்காவுக்கு அங்கே இடம். தம்பியின் கையெழுத்து மட்டும்தான் இன்னும் விழவில்லை.

“அக்காவுக்கு மறதிங்க. அவங்களே பட்டனைத் தட்டிட்டு தானா ஓடுதுங்கறாங்க. எப்ப வந்து திறந்தாலும் உள்ள ஒரு டம்ளர் தண்ணி. சுட வெச்சிட்டு மறந்துபோறாங்க. நாளைக்கு கேஸையும் இப்படித் திறந்துவிட்டா? ரெண்டு பஸ் மாறி நான் வர்றதுக்குள்ள என்ன மிஞ்சும்?”

உள்ளேயிருந்து குரல் வந்தது. “டேய், ஆயிரம் நம்பரை மண்டையில வெச்சிருந்தவடா நான்! ஒரு டம்ளரை மறப்பேனா? மெக்கானிக் தம்பிதான் வைக்கச் சொன்னார்.”

“பாத்தீங்களா?” என்றார் தம்பி தாழ்ந்த குரலில். “இப்படித்தான்.”

மெக்கானிக்குக்கு எதுவும் நினைவுக்கு வரவில்லை. ஒரு நாளைக்கு ஏழு வீடு. எந்த வாசலில் என்ன சொன்னோம் என்று யாருக்குத் தெரியும்? அதே இரண்டு வார்த்தையை எழுதிக் கொடுத்துவிட்டால் கீழே இறங்கிவிடலாம் என்றுதான் தோன்றியது.

சமையலறைக்குப் போனார். சுவர்ப் பலகைமேல் மெஷின். அதற்கு நேர் கீழே மேடையில் கெட்டில். மெஷினைத் தூக்கக் கையை நீட்டியதும் முழங்கால் மடங்கியது. ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார்.

“என்ன தம்பி, முகமே செத்துக் கெடக்கு? பையை நீங்க தூக்கிட்டு வந்தீங்களா, பை உங்களைத் தூக்கிட்டு வந்துச்சா?” என்றார் அம்மாள்.

“பைதாம்மா.”

“இருங்க, டீ போடறேன். மெஷின் எங்கயும் ஓடிடாது. ஓடினாலும் நல்லதுதான், உங்க கண்ணாலயே பாப்பீங்க.”

தண்ணீர் கொதித்தது. கெட்டில் ஆவி மேலே எழும்பி மெஷினின் பட்டன்கள்மேல் பனியாகப் படிந்தது. பட்டன் தாளின் ஒரு மூலை நகக்கண் அளவு பெயர்ந்திருப்பதை அவர் சும்மா பார்த்துக்கொண்டிருந்தார். டீயில் இரண்டு வாய்கூடக் குடித்திருக்கமாட்டார். மெஷினில் விளக்கு எரிந்தது. உறுமிக்கொண்டு தட்டு சுற்றியது. அதன்மேல் ஒரு டம்ளர் தண்ணீரும் சுற்றியது. அம்மாள் நான்கடி தள்ளி, சர்க்கரை டப்பாவை இரண்டு கையாலும் பிடித்தபடி நின்றிருந்தார்.

“சார், ஓடி வாங்க!” என்று மெக்கானிக் கூடத்தைப் பார்த்துக் கத்தினார்.

தம்பி வந்து சமையலறை வாசலில் நின்றார். அரை நிமிடத்தில் மெஷின் தானே நின்றது. பிறகு மெக்கானிக் பிளக்கைப் பிடுங்கினார்.

“ஆவி இந்த மூலை வழியா உள்ள போகுது. விரல் வெச்சு அமுக்கினதா மெஷின் நெனச்சுக்குது. ஈரம் காஞ்சதும் சரியாயிடுது.”

“அப்ப முன்னாடி மூணு தடவை?”

“மூணு தடவையும் கூடத்துக்குத் தூக்கிட்டுப் போயிட்டேன். ஆவியே இல்லாத இடத்துல வெச்சுப் பாத்தேன்.” டம்ளர் சுற்றியதைப் பார்த்தபோதே அவருக்கு மார்ச் 4 நினைவுக்கு வந்திருந்தது. “டம்ளரும் நான் சொன்னதுதான் சார். செருப்பு மாட்டும்போது சொன்னேன். வெறுமனே ஓடினா மெஷின் கெட்டுடும், தண்ணி வெச்சிடுங்கன்னு. பிளக்கைப் பிடுங்கி வைக்கத்தான் சொல்லியிருக்கணும். கார்டுலயும் ஏத்தல.”

அம்மாள் தம்பியைத் திரும்பிப் பார்க்காமல் சர்க்கரை டப்பாவை மூடினார்.

“வாயால சொன்னா போதாது. எழுதிக் குடுங்க,” என்றார் தம்பி.

ஒரே மெஷினில் மூன்று தவறான முடிவு என்றால் மெக்கானிக் பட்டியலிலிருந்து பெயரை அடித்துவிடுவது சர்வீஸ் சென்டர் வழக்கம். அது தெரிந்தேதான் எழுதினார். மூன்று தேதியையும் குறித்து, மெஷினை இடம் மாற்றிச் சோதித்தது தன் தவறு, டம்ளர் வைக்கச் சொன்னது தான், வீட்டுக்கார அம்மாளிடம் மறதி எதையும் தான் காணவில்லை என்று எழுதிக் கையெழுத்திட்டார். பழைய பட்டன் தாளை எடுத்துவிட்டு, பையிலிருந்த புது கீபேடைப் பொருத்தினார். கெட்டிலை மேடையின் மறுமூலைக்கு நகர்த்தினார்.

தம்பி படிவத்தைக் கிழிக்கவில்லை. மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். “ரெண்டு மாசம் பாக்கறேன்க்கா.”

“பாரு. நான் எங்க போகப் போறேன்?”

அன்று இரவு வீட்டில் மெக்கானிக்கின் மனைவி கேட்டாள்: “எழுதாமலே வந்திருக்கலாம்ல?”

“வந்திருக்கலாம்.”

“முட்டிக்குத் தைலம் தேய்க்கவா?”

“தேய்.”

மே 9 அன்று சர்வீஸ் சென்டரின் கடிதம் வந்தது: பெயர் நீக்கப்பட்டது. ஜூன் முதல் ஒரு மின்விசிறிக் கடையில் உட்கார்ந்து பார்க்கும் வேலை கிடைத்தது. சம்பளம் குறைவு, மாடிப்படியும் இல்லை.

பிறகு அம்மாளிடமிருந்து ஒரு கடிதம் வந்தது, ஐந்தே வரி: தம்பி படிவத்தை விடுதியிலேயே திருப்பிக் கொடுத்துவிட்டான். மெஷின் சொன்னால்தான் ஓடுகிறது. நான் இங்கேயேதான் இருக்கிறேன். அன்றைக்கு டீயைப் பாதியில் வைத்துவிட்டுப் போனீர்கள். லிஃப்ட் சரியாகிவிட்டது.

அதன் பிறகு அந்த வீட்டிலிருந்து கடிதம் இல்லை. அந்த ஐந்து வரி வந்த தேதி ஜூன் 27.