ஒரு மணித் தொடரும் வெர்லீனின் கால்களும்

வெர்லீன் ஹாஸுக்கு வேலை நாளில் உட்காரக் கிடைத்தது ஒரே ஒரு மணி நேரம். மதியம் ஒன்றிலிருந்து இரண்டு வரை. மிச்ச நேரமெல்லாம் அவள் நின்றாள், இல்லையென்றால் நடந்தாள். 1979இல் அவளுக்கு வயது ஐம்பத்தேழு. அயோவாவில் ஒரு சிறு நகரத்து முதியோர் இல்லத்தின் இரண்டாம் மாடி அவள் பொறுப்பு. இருபத்திரண்டு பேரை எழுப்பி, துடைத்து, உடுத்தி, ஊட்டி, படுத்த படுக்கையாய்க் கிடப்பவர்களைப் புண் வராமல் இரண்டு மணிக்கொரு தடவை புரட்டிவிட வேண்டும். கூட வேலை பார்த்தவளுக்கு முதுகு போய்விட்டதால் பாதி நாள் வரமாட்டாள்.

ஒரு மணிக்கு டிவியில் தொடர் வரும். அதற்குள் எல்லோரையும் கழிப்பறைக்குக் கூட்டிப்போய்வந்து, சக்கர நாற்காலிகளைக் கூடத்தில் பிறை மாதிரி நிறுத்திவிடுவாள். அதற்கப்புறம் அவளைக் கூப்பிட ஒருவரும் மணி அடிக்கமாட்டார்கள். வெர்லீன் பின்னால் உட்கார்ந்து, கவிழ்த்த வாளிமேல் கால்களைத் தூக்கி வைத்துக்கொண்டு, யார் எவ்வளவு சாப்பிட்டார்கள், யாருக்கு மலம் போகவில்லை என்று தாள்களில் எழுதுவாள். தொடரில் வரும் டாக்டர் ஆறு வருடமாகக் கல்யாணம் செய்துகொள்ளப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் செய்துகொண்டாலும் சரி, செய்துகொள்ளாவிட்டாலும் சரி, வெர்லீனுக்கு ஒன்றுதான். அவளுக்கு வேண்டியது அந்த வாளி.

அக்டோபரில் செய்தித்தாளில் வந்தது. உள்ளூர் நிலையம் தொடரை நிறுத்திவிட்டு அந்த நேரத்துக்கு வினாடி வினா போட யோசிக்கிறதாம். நவம்பரில் எத்தனை பேர் பார்க்கிறார்கள் என்ற கணக்கு வந்ததும் முடிவு செய்வார்களாம். அந்த வாரமே, கணக்கெடுக்கும் கம்பெனியிலிருந்து வெர்லீன் வீட்டுக்குத் தபாலில் ஒரு சின்னக் குறிப்பேடு வந்தது. ஒரு வாரத்துக்கு, கால் மணிக்குக் கால் மணி, வீட்டு டிவியில் என்ன ஓடியது, யார் பார்த்தார்கள், அவர்கள் வயது என்ன என்று எழுதி அனுப்ப வேண்டும்.

இதை வாய் தவறி ஹுல்டா பிரேமரிடம் சொல்லிவிட்டாள். ஹுல்டாவுக்கு எண்பத்து நாலு வயது. நாற்பது வருடம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் இருந்தவள். அவளிடம் சொன்னால் மதியச் சாப்பாட்டுக்குள் மாடி முழுக்கத் தெரிந்துவிடும்.

"இருபத்திரண்டு பேரையும் எழுதிடு வெர்லீன்."

"அது எங்க வீட்டு டிவிக்கு, ஹுல்டா. இல்லத்துல இருக்கறவங்களைச் சேக்கமாட்டாங்களாம். மொதப் பக்கத்துலயே போட்டிருக்கு."

"அப்போ நாங்க பாக்கறது யார் கணக்கு?"

"யார் கணக்கும் இல்ல."

"செத்தவங்க பேர்ல ஓட்டுப் போடற ஊர்ல பொறந்தவ நான். உசுரோட இருக்கறவ பேரை எழுத உனக்கு என்ன கொள்ளை?"

"குடுக்காத மாத்திரையைக் குடுத்தேன்னு இதுவரை ஒரு தடவையும் எழுதினதில்ல. இதையும் எழுதமாட்டேன்."

அன்று இரவு கால்களை வெந்நீரில் வைத்துக்கொண்டு குறிப்பேட்டைக் கடைசிவரை படித்தாள். வீட்டுக்கு வந்த விருந்தாளிகள் பார்த்தாலும் எழுதலாம் என்று போட்டிருந்தது.

கணக்கு எழுத வேண்டிய வாரத்தில் புதன்கிழமை அவளுக்கு விடுமுறை. அன்றும் காரை எடுத்துக்கொண்டு இல்லத்துக்குப் போனாள். ஹுல்டாவையும் லவீனா பர்ட் என்ற இன்னொரு கிழவியையும் கையெழுத்துப் போட்டு வீட்டுக்குக் கூட்டிவந்தாள். காரில் மூன்றாவது ஆளுக்கு இடமில்லை, சக்கர நாற்காலிகள் அடைத்துக்கொண்டன. அவள் கணவன் ஆரின் இறைச்சி ஆலையில் இரவு ஷிப்ட் முடித்துத் தூங்கிக்கொண்டிருந்தவன், சத்தம் கேட்டு பனியனோடு எழுந்துவந்தான்.

"இன்னிக்கு உனக்கு லீவுதானே?"

"ஆமா."

"அப்புறம் இவங்க ஏன் நம்ம சோபாவுல?"

"கணக்குக்கு."

ஆரின் டிவிப் பக்கம் திரும்பினான். "கையொடிஞ்சு வீட்டுல கெடந்தப்போ பாத்தது. இந்த ஆளு இன்னுமா கல்யாணம் பண்ணிக்கல?" என்று கேட்டுவிட்டு உட்கார்ந்தான். கால் மணி நேரம் பார்த்தான். வெர்லீன் கால் மணி நேரம் என்றே எழுதினாள். லவீனா ஒன்றரைக்குத் தூங்கிவிட்டாள். அவளுக்கு ஒன்றரை வரைதான் எழுதினாள்.

"கண்ணைத்தான் மூடியிருந்தா. காது தெறந்துதானே இருந்துச்சு" என்றாள் ஹுல்டா.

"கொறட்டை விட்டா, ஹுல்டா."

"அது அவ ரசிக்கற சத்தம்."

ஜனவரியில் தொடர் நின்றது. ஒரு மணிக்கு வினாடி வினா வந்தது. பத்து நிமிடத்தில் மணிகள் அடிக்க ஆரம்பித்தன. ஒருவருக்குக் குளிர், ஒருவருக்கு மூத்திரம், ஒருவருக்குப் பத்து வருடம் முன்பு இறந்துபோன மகன் வருகிறானா என்று தெரியவேண்டும். வெர்லீன் ஓடினாள். வாரக் கடைசியில் கணுக்கால்கள் செருப்புக்கு வெளியே பிதுங்கின. நிலையத்துக்கு போன் செய்தாள். எடுத்தது ஒரு சின்னப் பெண்.

"நீங்க எழுதினது கணக்குல சேந்திருக்கும்மா. ஆனா விளம்பரக்காரங்க அம்பது வயசுக்குள்ள இருக்கற பொம்பளைங்களைத்தான் கேக்கறாங்க. அதுக்கு மேல எத்தனை பேர் பாத்தாலும் அவங்களுக்கு உபயோகமில்ல."

"நான் அம்பத்தேழு" என்றாள் வெர்லீன்.

வெர்லீன் போனை வைத்துவிட்டு ஒன்பதாம் அறைக்குப் படுக்கை மாற்றப் போனாள்.

தெற்கே மிசௌரி நிலையம் ஒன்றில் தொடர் இன்னும் ஒரு மணிக்கே வந்துகொண்டிருந்தது. ஹுல்டாதான் விசாரித்துக் கண்டுபிடித்தாள். அந்த நிலையத்துக்குத் திருப்பிப் பார்த்தால் திரை முழுக்கப் புள்ளிமழை. வெர்லீன் ஆன்டெனாவிலிருந்து ஒரு கம்பியை இழுத்து, சலைன் பாட்டில் மாட்டும் ஸ்டாண்டில் சுற்றினாள். அந்த ஸ்டாண்டை யாராவது வெறுங்கையால் பிடித்திருந்தால் மட்டும் முகங்கள் தெரிந்தன. கையை எடுத்தால் மறுபடி மழை.

ஒரு மணி நேரம் கையைத் தூக்கிப் பிடிக்கத் தெம்பிருந்தவள் அந்த மாடியில் அவள் ஒருத்திதான். பிடித்துக்கொண்டு நின்றாள். ஒரு மணியும் அடிக்கவில்லை. ஆனால் தாள்கள் எழுதாமல் கிடந்தன. மூன்று மணிக்கு வேலை முடிந்தும் வீட்டுக்குப் போக நாலரை ஆனது. கால்கள் முன்பைவிட மோசம்.

இரண்டாவது வாரம் திங்கட்கிழமை அவள் நாற்காலியை ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டாள். வாளியைக் கவிழ்த்தாள். ஒரு செருப்பையும் காலுறையையும் கழற்றிவிட்டு உட்கார்ந்து, காலை வாளிமேல் தூக்கிப் போட்டு, கட்டைவிரலை ஸ்டாண்டின்மேல் பதித்தாள். இரும்பு சில்லென்றிருந்தது. திரையில் டாக்டர் முகம் தெளிந்தது.

"ஆட்டாத வெர்லீன். மோதிரத்தை எடுக்கறான்" என்றாள் ஹுல்டா.

வெர்லீன் ஆட்டவில்லை. தாள்களை மடியில் வைத்துக்கொண்டு, ஒன்றாம் அறையிலிருந்து எழுத ஆரம்பித்தாள்.