பித்தப்பையை யாரும் கேட்கவில்லை

எல்லோரும் மீனைக் குழம்புக்கு அறுப்பார்கள். நான் ரிப்போர்ட்டுக்கு அறுக்கிறேன். ஆலைக் கழிவு அதன் உடம்பில் எவ்வளவு ஏறியிருக்கிறது என்று பரிசோதனைக்கூடத்தில் பார்த்துச் சொல்வது என் வேலை. வேலையை வீடு, கடை, கோயில் என்று எல்லா இடத்துக்கும் தூக்கிக்கொண்டு அலைபவர்களுக்கு என் அவஸ்தை புரியும்.

செவுளைத் தூக்கிய குற்றம்

தேக்கா மார்க்கெட்டில் கொடுவா மீனின் செவுளைத் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் நின்ற அம்மா, "ஃப்ரெஷ்ஷா இருக்கா?" என்றார். ஆமாம் என்று சொல்லி நிறுத்தியிருக்கலாம். "மூச்சு மட்டுமில்லம்மா, தண்ணியில இருக்கற கெமிக்கலும் இது வழியாத்தான் ரத்தத்துல ஏறும்" என்றேன். அந்த அம்மா எடுத்த மீனை வைத்துவிட்டுக் கோழிக்கடைப் பக்கம் நடந்தார். மீனில் ஒரு குறையும் இல்லை. நானே இரண்டு வாங்கினேன். கடைக்காரர் பையை நீட்டியபடி சொன்னார்: "அக்கா, நீங்க வாங்குங்க, வாங்காமப் போங்க. வாயை மட்டும் தொறக்காதீங்க லா."

தூண்டில்

ஆரோக்கியம் தூத்துக்குடியிலிருந்து இங்கே வேலைக்கு வந்தவர், கப்பல் பட்டறையில் வெல்டர். ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் பூசை முடிந்ததும் நேரே கடலோரம் போய்த் தூண்டில் போடுவார். பிடித்ததை விடுதி அறையில் நாலு பேர் பங்கு போட்டுச் சாப்பிடுவார்கள். ஈரலுக்குத்தான் சண்டையாம். "ஈரலும் வயித்துக் கொழுப்பும் வேண்டாம் தம்பி. சில ரசாயனம் கொழுப்புல போய் உக்காந்துக்கும், வேகவச்சாலும் போகாது" என்றேன்.

அடுத்த மாதம் கோயில் வாசலில் பார்த்தபோது, தூண்டிலையே வேறு யாருக்கோ கொடுத்துவிட்டதாகச் சொன்னார். ஈரலை மட்டும்தானே வேண்டாமென்றேன் என்று இழுத்தேன். அவர் சிரித்தார். "மீன் நல்லதோ கெட்டதோ தெரியலக்கா, எனக்கு ஞாயித்துக்கிழமை போச்சு."

சதை மட்டும்

கிராஞ்சிப் பக்கம் மீன் பண்ணை வைத்திருந்தார் மணியம். அவருடைய மீன்கள் செத்து மிதக்க, பக்கத்து ஆலையின் எண்ணெய்க் கழிவுதான் காரணம் என்று புகார் செய்தார். ஆலைக்காரர்கள் அந்த மீன்களை எங்களிடம் அனுப்பினார்கள். படிவத்தில் சதையை மட்டும் சோதிக்கச் சொல்லியிருந்தது. சோதித்தேன். சதையில் ஒன்றும் இல்லை.

பழக்கதோஷத்தில் பித்தப்பையிலிருந்த பித்தநீரைப் புற ஊதா விளக்கின் கீழ் பிடித்தேன். நீலமாக ஒளிர்ந்தது. எண்ணெய்க் கழிவு உள்ளே போனால் மீனின் ஈரல் அதை உடைத்து, கரையும் பொருளாக்கிப் பித்தநீருக்குத் தள்ளிவிடும். அங்கிருந்து குடல் வழியாக வெளியே போகும். சதை சுத்தமாக இருப்பதே அதனால்தான். மீன்கள் அதனால்தான் செத்தனவா என்று அடித்துச் சொல்ல முடியாது, அளந்து பார்த்திருக்கலாம். மேனேஜரிடம் சொன்னேன். "கிளையன்ட் கேட்டாங்களா?" என்றார். கேட்கவில்லை. கையெழுத்துப் போட்டேன். அன்று வீட்டுக்குத் தெம்பனிஸ் போகும் ரயிலில் உட்கார இடம் கிடைத்தும் நின்றுகொண்டே போனேன்.

அந்த ரிப்போர்ட்டை வைத்து மணியத்தின் புகாரைத் தள்ளிவிட்டார்கள். சில மாதம் கழித்து அவரே அதோடு எங்கள் வரவேற்பறைக்கு வந்தார். வெள்ளைச் சட்டை, தாளில் நாலைந்து மடிப்பு. "இதுல பொய் ஏதும் இருக்காம்மா?" என்று கேட்டார். இல்லை என்றேன். பிறகு மனசு கேட்காமல், குரலைத் தாழ்த்தி, "பித்தப்பையைச் சோதிக்கச் சொல்லி நீங்களே மீன் அனுப்புங்க, சார்" என்றேன். அவர் கோபப்பட்டிருந்தால் தேவலை. தாளை மறுபடியும் அதே மடிப்பில் மடித்தார். "தொட்டியெல்லாம் காலி பண்ணிட்டு எடத்தையும் திருப்பிக் கொடுத்தாச்சு. இப்ப அறுக்க மீனு எங்கம்மா இருக்கு?"

இத்தனை வருஷத்தில் என் ரிப்போர்ட் ஒன்றுகூடத் தப்பு என்று திரும்பி வந்ததில்லை. வந்திருந்தால் திருத்தியாவது கொடுத்திருப்பேன்.