அப்பா வாயில நான் வெச்ச வசனம்

கார்ட்டூன் பொம்மைங்க வாயில தமிழைத் திணிக்கிறதுதான் என் பொழப்பு. எங்கயோ வெளிநாட்டுல படம் பண்ணி அனுப்புறாங்க, நான் தாம்பரத்துல உட்கார்ந்து டப்பிங்குக்கு வசனம் எழுதறேன். அர்த்தம் சரியா வந்தா மட்டும் போதாது. பொம்மையோட உதடு எங்க ஒட்டுதோ அங்க ஒரு 'ப'வோ 'ம'வோ வந்தே ஆகணும். ஒட்டாத இடத்துல வந்துச்சுன்னா பார்க்கிற குழந்தைக்கே தெரிஞ்சிடும். பதினோரு வருஷமா இதே வேலை. டிவியை மியூட்ல போட்டாலும் செய்தி வாசிக்கிறவங்க பேசறதுல பாதியைச் சொல்லிடுவேன். "உன் முன்னாடி வாய்க்குள்ள முணுமுணுக்கக்கூட முடியல"ன்னு வீட்டுக்காரர் கிண்டல் பண்ணுவாரு. எனக்கும் அதுல கொஞ்சம் திமிர் இருந்துச்சு, இல்லேன்னு சொல்ல மாட்டேன்.

எங்க அப்பாவுக்கும் அண்ணனுக்கும் ஒன்பது வருஷம் பேச்சுவார்த்தையே இல்லாம இருந்துச்சு. அம்மா செத்தப்போ அண்ணன் வெளிநாட்டுல வேலையில இருந்தான். டிக்கெட் கிடைச்சு வந்து சேர்றதுக்குள்ள எல்லாம் முடிஞ்சிடுச்சு. ஒரே பிள்ளை இருந்தும் அப்பாவே கொள்ளி வெக்க வேண்டியதாப் போச்சு. சொந்தக்காரங்க சும்மா இருப்பாங்களா? பெத்தவளுக்குக் கொள்ளி போட வராதவன்னு அவன் காதுபடவே பேசினாங்க. அப்புறம் அவன் வேலையை விட்டுட்டு வந்து கேளம்பாக்கத்துல குடியேறினான். அப்பா என்னோட இருந்ததால, நல்ல நாள் பெரிய நாள்னா எங்க வீட்டுக்கு வருவான். வாசல்ல அவன் செருப்பு சத்தம் கேட்டதுமே அப்பா பேப்பரை மடிச்சிட்டு எழுந்து உள்ள போயிடுவாரு. திட்டித் தீர்த்திருந்தாலாவது தேவலை.

போன வருஷம் அப்பாவுக்கு நிமோனியா. ஐ.சி.யூ.வுல, தொண்டையில துளை போட்டுக் குழாய் வெச்சிருந்தாங்க. நினைவு வரும், போகும். வாய் அசையும், சத்தம் வராது. சாயங்காலம் பார்வை நேரத்துல அண்ணனைக் கூட்டிட்டுப் போனேன். கட்டில் கம்பியைப் பிடிச்சிக்கிட்டு நின்னான். ஒன்பது வருஷத்துல முதல் தடவையா அப்பாவால எழுந்து உள்ள போக முடியல. கண்ணைத் திறந்து அவனையே பார்த்தாரு. உதடு அசைஞ்சுது. கொஞ்சம் விட்டு, திரும்பவும் அதே மாதிரி அசைஞ்சுது.

"பாப்பா, என்ன சொல்றாரு? உனக்குத்தான் தெரியுமே, சொல்லு"ன்னு அண்ணன் என் கையைப் பிடிச்சான்.

எனக்கு நல்லாவே தெரிஞ்சுது. அப்பா கேட்டது "யாரு?" ரெண்டு தரமும் அதேதான். உதடு ஒரு தடவைகூட ஒட்டல. ஆனா அண்ணன் முகத்தைப் பார்த்துக்கிட்டு அதை எப்படிச் சொல்றது? "வந்துட்டியாப்பா, போதும்னு சொல்றாரு"ன்னு சொல்லிட்டேன். யோசிக்கக்கூட இல்ல, எழுதி எழுதிப் பழகின வாய் தானா சொல்லிடுச்சு. அண்ணன் அந்தக் கம்பி மேலயே தலையைச் சாய்ச்சிக்கிட்டு அழுதான். மறுநாள் காலையில அப்பா போயிட்டாரு. கொள்ளி வெச்சிட்டு வந்தவன், துக்கம் கேட்க வந்த ஒவ்வொருத்தர்கிட்டயும் அந்த வசனத்தைச் சொன்னான். "கடைசியா என்னைப் பார்த்து, வந்துட்டியாப்பா, போதும்னாரு." நான் காபி டம்ளரைத் தூக்கிக்கிட்டு சமையல்கட்டுக்குப் போயிடுவேன்.

காரியமெல்லாம் முடிஞ்சு மூணாவது வாரம் ஒரு எபிசோடு வந்துது. விண்வெளியில கிரகம் கிரகமாப் போய்த் தண்ணி ஊத்துற ஒரு ஓட்டைக் கப்பலோட கதை, நம்ம ஊர் தண்ணி லாரி மாதிரின்னு வெச்சுக்கங்களேன். அந்த எபிசோடுல கேப்டன் காத்துப் புகாத அறையில மாட்டிக்கிறாரு. கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் நின்னு கத்துறாரு, ஒண்ணும் கேட்கல. இந்தப் பக்கம் சமையல் ரோபோ, எனக்கு வாயைப் பார்த்தே புரியும்னு பீலா விட்டு மொழிபெயர்க்குது. இன்ஜினியர்கிட்ட, உன்னாலதான் இந்தக் கப்பலே ஓடுதுன்னு சொல்றாருங்குது. பைலட்கிட்ட, நீ எனக்குப் பிள்ளை மாதிரின்னு சொல்றாருங்குது. எல்லாரும் உருகி அழறாங்க. கேப்டன் அவ்வளவு நேரமும் கத்துறது "கதவைத் திற"ங்கிறதுதான்.

வேற யாருக்கும் கிடைக்காம எனக்குன்னு வந்து சேர்ந்துது பாருங்க. நாலு நாள் எழுதினேன். ரெக்கார்டிங் நடத்துற சார் போன் பண்ணி, "இன்னாம்மா, காமெடி எபிசோடு எழவு வூடு மாதிரி கீது"ன்னாரு. திரும்ப எழுதிக் கொடுத்தேன். சிரிப்பு நல்லா வந்துதுன்னு பாராட்டு வேற. எனக்கு மட்டும் பயம் பிடிச்சிக்கிச்சு. தாம்பரம் ஸ்டேஷன்ல நிப்பேன், ஏசி ரயில் வந்து நிக்கும், கண்ணாடிக்கு அந்தப் பக்கம் யாரோ யார்கிட்டயோ பேசிக்கிட்டு இருப்பாங்க. எனக்கு எல்லார் வாயும் "யாரு? யாரு?"ன்னுதான் கேட்கிற மாதிரி இருக்கும். ரயிலுக்குக் காத்திருக்கிற நேரமெல்லாம் தலையைக் குனிஞ்சு தரையைப் பார்க்கப் பழகிட்டேன்.

வருஷ திதிக்குப் பத்து நாள் இருக்கிறப்போ, ஒரு ஞாயித்துக்கிழமை மத்தியானம் அண்ணன் வந்தான். அவன் பொண்ணு அந்த எபிசோடைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்க்குதாம், இவனும் பார்த்துச் சிரிச்சானாம். "எப்படி பாப்பா அந்த வாய்க்கு அப்படியே பொருந்துற மாதிரி வசனம் வைக்கிறே?"ன்னான். அப்புறம் போனை எடுத்தான். ஆஸ்பத்திரியில அன்னைக்கு அண்ணிக்கும் பொண்ணுக்கும் அப்பாவைக் காட்ட நர்ஸ்கிட்ட கேட்டு வீடியோ கால் போட்டு, போனைக் கட்டில் ஓரமா நிறுத்தி வெச்சிருந்தான். அண்ணி அதை அங்கிருந்து ரெக்கார்ட் பண்ணி வெச்சிருக்காங்க. அவங்க அதை எடுத்து வெச்சது எனக்குத் தெரியவே தெரியாது.

"திதி அன்னைக்கு எல்லாரும் வருவாங்க. இதுக்குக் குரல் போட்டு டிவியில காட்டலாம். உங்க ஸ்டூடியோவுல வயசானவங்க குரல்ல பேசறவர் இருப்பாரே, அவரை வெச்சு. ரெண்டே வார்த்தைதானே. வந்துட்டியாப்பா, போதும். அவங்க கண்ணால பார்க்கட்டும் பாப்பா."

முடியாதுன்னு எப்படிச் சொல்றது? வழக்கமா முதல்ல என் குரல்லயே பேசி வெச்சுப் பார்ப்பேன். அப்படியே பேசி வெச்சேன். லேப்டாப்புல அப்பா வாய் திறக்குது, என் குரல் "வந்துட்டியாப்பா"ங்குது. உதடு ஒட்டல. அண்ணன், "கொஞ்சம் முன்ன தள்ளு"ன்னான். தள்ளினேன். "இல்ல, பின்ன." அதையும் பண்ணினேன். "மெதுவாப் பேசிப் பாரேன்." பேசினேன். "உன் கார்ட்டூன்ல எல்லாம் கச்சிதமா இருக்கு, இது ஏன் சேர மாட்டேங்குது?"ன்னு கேட்டான். இன்னும் ஒரு தரம் அந்த வாயில என் குரலைப் போட்டா எனக்குப் பைத்தியமே பிடிச்சிருக்கும்.

சத்தத்தை நிறுத்தினேன். "அண்ணா, அப்பா அதைச் சொல்லல. நான்தான் சொன்னேன்."

"அப்போ அவரு என்ன சொன்னாரு?"

"யாருன்னு கேட்டாரு. ரெண்டு தரம்."

என்னை அடிச்சிருந்தாக்கூட வாங்கிக்கிட்டு இருந்திருப்பேன். அவன் அந்த வீடியோவைத் திரும்ப ஓட விட்டுப் பார்த்தான். "அடையாளம் தெரியாமக் கேட்டாரா, தெரிஞ்சே கேட்டாரா?"ன்னான்.

உதட்டைப் பார்த்தா வார்த்தைதான் தெரியும். கோபமா, மயக்கமா, ஆசையாங்கிறதெல்லாம் குரல்ல இருக்கு. அந்தக் குரலைத்தான் குழாய் எடுத்துக்கிச்சு. மயக்கத்துல கேட்டாருண்ணா, அடையாளம் தெரியலன்னு ஒரு வசனம் என் நாக்கு நுனி வரைக்கும் வந்துது. இந்தத் தடவை நான் அதைச் சொல்லல. "எனக்குத் தெரியலண்ணா"ன்னேன். அவன் போனை எடுத்துப் பையில போட்டுக்கிட்டுக் கிளம்பிட்டான்.

திதி நடந்துது. வீடியோ கிடையாது. அப்பாவோட கடைசி வார்த்தையைப் பத்தி அண்ணன் யார்கிட்டயும் வாயே திறக்கல. பெரியப்பா வீட்டு ஆளுங்க பழசைக் கிளறினாங்க, அவன் குனிஞ்சு எச்சில் இலை எடுத்தான்.

இப்போ வாரத்துக்கு ஒரு தரம் எனக்குப் போன் பண்றான். "பாப்பா, கோபம்னா நெத்தி சுருங்கும்ல? அப்பாவுக்குச் சுருங்கவே இல்ல, நல்லாப் பார்த்தேன்"ங்கிறான். அடுத்த வாரம், "தெரியாத ஆளை ஒருத்தர் அவ்வளவு நேரம் வெச்ச கண் வாங்காமப் பார்ப்பாரா?"ங்கிறான். அதுக்கடுத்த வாரம் மறுபடி நெத்தி. அந்த வீடியோவை எத்தனை தரம் பார்க்கிறான்னு அண்ணியைக் கேட்டேன், அவங்க பேச்சை மாத்திட்டாங்க. நான் வாயை மூடிக்கிட்டு இருந்திருக்கலாம். ஆஸ்பத்திரியிலயா, இல்ல அந்த ஞாயித்துக்கிழமையான்னுதான் எனக்கு இன்னும் தெரியல.