இரண்டு சிட்னியும் ஒரு கூறையும்

எழுபதுகளின் நடுப்பகுதி. சிட்னியில், லிட்கம் ரயில் நிலையத்துக்குப் பின்னால் ஒரு வாடகை வீட்டில் இருந்தேன். தபால் பிரிக்கும் கூடத்தில் வேலை. ஒரு தமிழ் முகத்தைப் பார்க்க வேண்டுமென்றால் ரயிலேறிப் பரமட்டாவுக்குப் போக வேண்டிய காலம் அது.

எனக்கு நிச்சயித்த பெண் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து, பரமட்டாவில் ஒரு சென்னைத் தம்பதியின் வீட்டில் தங்கியிருந்தாள். நாள் குறித்தாகிவிட்டது. அம்மா செய்வித்த தாலியும் அவளோடு வந்துவிட்டது. கூறைதான் வரவில்லை. மாப்பிள்ளை வீட்டார் எடுத்துக் கொடுக்கும் கல்யாணச் சேலையை நாங்கள் கூறை என்போம். கல்யாணத்துக்கு வர முடியாத அம்மா ஆசையாகச் சொல்லி வைத்த நிறத்தில் நெய்து வரப் பிந்தியதால், அத்தான் அதை விமானத் தபாலில் அனுப்புவதாக ஏற்பாடு. அத்தான் என்றால் என் அக்காவின் கணவர். அவருடைய ஆங்கிலத்தை ஊரே மெச்சும்.

வாரங்கள் போயின. ஒரு ஞாயிறு பரமட்டாவுக்குப் போனபோது, வீட்டுக்கார அம்மாளிடம் வாய்விட்டே சொன்னேன்.

"கூறை இன்னும் வரேல்லை, அன்ரி."

"கூரையா? வாடகை வீடுதானே, வீட்டுக்காரன்கிட்ட சொல்லுங்க. மழைக்காலம் வேற!"

என் பெண்ணுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "வீட்டுக் கூரை இல்லை அன்ரி. என்ர கல்யாணச் சீலை."

"முகூர்த்தப் புடவையா! அதைத் தமிழ்ல சொல்ல வேண்டியதுதானே! என்னோடதைக் கட்டிக்கோம்மா, பெட்டியில புதுசாவே இருக்கு."

"கோவிக்காதேங்கோ அன்ரி. மாமி வரேலாது எண்டுதானே அந்தக் கூறையை எடுத்தவ. அதைத்தான் கட்டுவன். வராட்டி நாளைத் தள்ளி வைப்பம்."

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். ஆனால் அசைய மாட்டாள் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதை என்பார்களே, அதுதான். அத்தானுக்குத் தந்தி அடித்தேன்.

வேலையில் என் பக்கத்து இருக்கையில் ஒரு கனடாக்காரர். என்னைவிட மூத்தவர், வாய் ஓயாதவர். அதனாலேயே எனக்குப் பிடித்துப் போனவர். தேநீர் நேரத்தில் மேசையிலேயே கனடாவைக் கட்டிவிடுவார். மேற்கே மலைகளுக்குத் தேநீர்க் கோப்பைகள். நடுவில் கோதுமைச் சமவெளிக்கு விரித்த செய்தித்தாள். கிழக்கே பிரெஞ்சு பேசும் கியூபெக்குக்குச் சீனிப் போத்தல். அதற்கும் கிழக்கே, மேசை விளிம்பில், அவர் பிறந்த கேப் பிரெட்டன் தீவுக்கு ஓர் உடைந்த பிஸ்கட் துண்டு.

நிலக்கரி தோண்டுகிற அந்தத் துண்டுக்காகப் பிரெஞ்சுக்காரரும் ஆங்கிலேயரும் மாறி மாறிச் சண்டை பிடித்தார்களாம். ஆங்கிலேயர் கை ஓங்கியபோது, அந்தப் பக்கத்துப் பிரெஞ்சு உழவர்களைக் கப்பலேற்றித் திசைக்கொன்றாகச் சிதறடித்தார்களாம். எப்படியோ திரும்பி வந்து ஒட்டிக்கொண்டவர்களின் வழியில் வந்தவர் இவர்.

"இப்போது எங்கள் நாட்டில் இரண்டு மொழியும் சமம். சட்டமே வந்துவிட்டது" என்றார் ஒரு நாள். என் காது நிமிர்ந்தது. சிங்களம் மட்டுமே என்று ஒரு மொழிச் சட்டம் வந்ததால் எங்களில் எத்தனையோ பேர் பெட்டி கட்டிய நாட்டிலிருந்து வந்தவன் நான்.

"உங்கள் ஊர் ரொட்டிக் கடையில் பிரெஞ்சில் பாண் கேட்டால் கிடைக்குமா?" என்று கேட்டேன்.

"பாண் கிடைக்கும். பதில் ஆங்கிலத்தில் கிடைக்கும்" என்று தொடையில் தட்டிச் சிரித்தார். பாரிஸ்காரர்கள் தன் பிரெஞ்சைக் கேட்டால் விழிப்பார்கள் என்றும் சொன்னார். கூறையைக் கூரையாக்கிய அன்ரியை நினைத்து நானும் சிரித்தேன்.

அத்தானின் பதில் தந்தி வந்தது. 'சிட்னி, என்.எஸ். என்று தெளிவாக எழுதி அனுப்பியாயிற்று.' கனடாக்காரரிடம் காட்டிப் புலம்பினேன். படித்தவர் மேசையில் ஓங்கித் தட்டினார். கியூபெக் கவிழ்ந்து சீனி கொட்டியது.

"உன் கூறை என் ஊருக்குப் போயிருக்கிறது!"

விஷயம் இதுதான். நம்முடைய சிட்னி நியூ சவுத் வேல்ஸ், என்.எஸ்.டபிள்யூ. அத்தான் கடைசி எழுத்தை விட்டுவிட்டார். சிட்னியைத் தெரியாதவர் உண்டா என்று ஆஸ்திரேலியா என்றும் எழுதவில்லை. கேப் பிரெட்டன் தீவிலும் ஒரு சிட்னி இருக்கிறது. அந்த மாகாணம் நோவா ஸ்கோஷியா, என்.எஸ்.! யானைக்கும் அடி சறுக்கும். அத்தானுக்கு உலகத்தின் மறுபக்கம் வரை சறுக்கியிருந்தது.

அந்த ஊரில் கனடாக்காரரின் தமக்கை இருந்தார். மறுநாள் விடிந்ததும் கனடாக்காரர் அவருக்குத் தொலைபேசினார். "நேற்றோடு பேசிவிட்டேன்" என்று சொல்லிக்கொண்டே வேலைக்கு வந்தார். நமக்கு விடிந்தபோது அங்கே முந்தின நாள் மாலையாம்.

தமக்கை தபாலகம் திறக்கும் முன்பே வாசலில் போய் நின்றிருக்கிறார். அப்படியொரு தெருவும் இல்லை, ஆளும் இல்லை என்று, பொதியைக் கப்பலில் இலங்கைக்குத் திருப்பி அனுப்ப எடுத்து வைத்திருந்தார்களாம். கதையைக் கேட்டதும் அங்கிருந்த எழுத்தர் தடித்த மையில் 'டபிள்யூ' போட்டு, கீழே ஆஸ்திரேலியா என்று எழுதி, விமானத் தபால் பையில் இட்டிருக்கிறார். பை கட்டும் வரை தமக்கை அந்த இடத்தைவிட்டு நகரவில்லையாம்.

அதன் பிறகு ஒவ்வொரு நாளும் நானும் கனடாக்காரரும் பொதிகளையே பார்த்துக்கொண்டிருந்தோம். கல்யாணத்துக்கு முதல் நாள் காலை, கூடத்தின் மறுமுனையிலிருந்து ஒரு கூச்சல். கனடாக்காரர் பொதியைத் தலைக்குமேல் தூக்கிக்கொண்டு ஆடி வருகிறார்! ஏச வந்த மேற்பார்வையாளர், கதையைக் கேட்டுவிட்டு, என்னிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு அரை நாள் விடுப்பில் துரத்திவிட்டார். ஊர் கூடித் தேர் இழுப்பது என்பார்கள். எனக்காக இரண்டு சிட்னிகள் கூடி இழுத்தன.

மறுநாள் லிட்கம் வீட்டின் பின்முற்றத்தில், துணி காயப்போடும் கம்பியில் யூக்கலிப்டஸ் இலைத் தோரணம். பரமட்டா அன்ரி கொசுவம் பிடித்துவிட, அந்தச் சிவப்புக் கூறையில் என் பெண் வந்து பக்கத்தில் அமர்ந்து காதோடு சொன்னாள்: "எனக்கு முதலே என்ர கூறை கனடா பாத்திட்டுது." நான் சிரித்த சிரிப்பில் தாலியின் முடிச்சு பிந்தியது. கனடாக்காரர் எழுந்து நின்று அரிசியை அள்ளி வீசினார். பாதி அன்ரியின் கொண்டையில்.

பிறகு ஊரில் காலம் கெட்டது. அக்காவின் பிள்ளைகள் ஒவ்வொருவராகக் கனடா போய்ச் சேர்ந்தார்கள். கடைசியில் அக்காவும் அத்தானும் போனார்கள். தொலைபேசியில் பழைய கதையைச் சொல்லிச் சீண்டினால் அத்தான் விட்டுக்கொடுக்க மாட்டார். "நான் எங்கை தம்பி பிழை விட்டனான்? கொஞ்சம் முந்தி எழுதிப்போட்டன், அவ்வளவுதான்."

அவர் விட்ட ஓர் எழுத்தை முன்பின் தெரியாத ஒரு கை எழுதிச் சேர்த்ததை நினைத்துத்தான், யாருடைய கடிதமாவது தவறி என் பெட்டியில் விழுந்தால், உரியவர் வாசல்வரை நடந்து போய்க் கொடுத்துவிட்டு வந்தே இன்றும் நான் தேநீர் குடிக்கிறேன்.