நேசராசாவின் நாக்கும் டேனி விட்ட ஆறு கோலும்

நேசராசா முப்பது வருடமாக எதையும் நல்லாயிருக்கு என்று சொன்னதில்லை. மனமில்லாமல் அல்ல. சொல்ல விட்டால்தானே.

லண்டனுக்கு வந்த புதிதில் மைத்துனர் ஒருவர் வாங்கிய சிவப்புக் காரைச் சுற்றிவந்து, "என்ன மாதிரி மினுங்குது பாருங்கோ" என்றார். பின்னேரமே ஒரு பஸ் அந்த மினுக்கத்தை ஒரு பக்கமாக வழித்துக்கொண்டு போனது. சரி, அது பஸ்காரனின் பிழை. பிறகு அப்டன் பார்க்கில் கடை வைத்திருந்த ஒருவரிடம், "அண்ணை, இந்த வயசிலையும் உங்களுக்குத் தலைமயிர் காடு மாதிரி" என்றார். அடுத்த பொங்கலுக்கு அந்தக் காட்டில் ஒரு புல் இல்லை. கலியாணவீட்டுக் கேக் கதையும் ஒன்று இருக்கிறது. மேல் மூன்று தட்டும் மாப்பிள்ளையின் தாயாரின் மடியில் போய் இருந்ததோடு ஊர் தீர்மானித்துவிட்டது: மனுசனுக்குக் கரிநாக்கு.

அதற்குப் பிறகு வட லண்டன் எட்மண்டன் பக்கத்தில் யாராவது புது சோபா வாங்கியிருந்தால், நேசராசா வருகிறார் என்றதும் அதன்மேல் பழைய போர்வை விழுந்தது. மனைவி சோறு போடும்போதே சட்டத்தையும் சேர்த்துப் போடுவார்: "ருசியெண்டால் வாயை மூடிக்கொண்டு இன்னொரு கரண்டி போடுங்கோ. சரியில்லையெண்டால் மட்டும் கதையுங்கோ."

இப்படிப்பட்டவருக்கு வேலை கிடைத்தது ஓர் ஐஸ் அரங்கில். கக்கூஸ் கழுவத்தான் சேர்ந்தார். ஒருநாள் ஐஸ் வண்டிக்காரன் வராமல் விட, "நான் ட்ராக்டர் ஓட்டின ஆள்" என்று ஏறி உட்கார்ந்தவர் பதினெட்டு வருடமாக இறங்கவில்லை. பந்துக்குப் பதில் ரப்பர் வட்டை அடிக்கும் ஐஸ் ஹொக்கி ஆட்டத்தில் இருபது நிமிடத்துக்கு ஒருதரம் இடைவேளை. அந்நேரம் அந்த வண்டி வந்து, சப்பாத்துக் கத்திகள் கீறிய தளத்தை வழித்து, சுடுநீர் விட்டு, கண்ணாடி மாதிரி மெழுகிவிட்டுப் போகும். ஆயிரத்து ஐந்நூறு சனம் தேத்தண்ணிக்குப் போகும் நேரத்தில் நேசராசா மட்டும் குனிந்து தளத்தைப் பார்த்துக்கொண்டு சுற்றிவருவார். கோல் வாசலில் கிடக்கும் கீறலைப் பார்த்தாலே அந்தக் கோல் கீப்பரின் குணம் அவருக்குத் தெரியும். எந்தக் கால் நோகிறது, எந்தப் பக்கம் பயம், எவன் சோம்பேறி, எல்லாம் அங்கே எழுதிக் கிடக்கும். ஐஸ் வழிக்கிற ஆளிடம் யார் போய்க் கேட்கப்போகிறார்கள்? அவரும் சொல்லவில்லை.

பங்குனி மாதக் கடைசியில் மகள் கம்சிகாவுக்குப் பெண்பிள்ளை பிறந்தது. ஆஸ்பத்திரி அறை வாசலில் சம்பந்தியம்மா செல்வமலர் காவல் நின்று, கொரோனாக் காலத்து முகக்கவசம் இரண்டை நீட்டினார்.

"குறை நினைக்காதேங்கோ அண்ணை. ஒண்டுக்கு மேலை ஒண்டு போடுங்கோ. உள்ளை போய் ஒண்டும் கதைக்கக்கூடாது."

நேசராசா இரண்டு கவசத்தோடு போய்ப் பேத்தியைப் பார்த்தார். அழுகை வந்தது, மூக்கைச் சிந்த வழியில்லை. அப்படியே வெளியே வந்தார். அதைப் பார்த்துச் செல்வமலருக்கும் மனம் இளகிவிட்டது.

"முப்பத்தொண்டாம் நாள் துடக்குக் கழியட்டும் அண்ணை. அண்டைக்கு நீங்கள் தூக்கி, உங்கடை வாயாலை ஒரு நல்ல சொல்லுச் சொல்லுங்கோ. நான் தடுக்கன்."

அந்த நாளுக்காக மனுசன் விரலை மடக்கிக்கொண்டிருந்தார். என்ன சொல்வது என்று வண்டியில் சுற்றும்போது யோசிப்பார். "வடிவான பிள்ளை" போதுமா, "மகாலட்சுமி மாதிரி" வேண்டுமா என்று பத்து நாளாக முடிவாகவில்லை.

அதற்குள் பிளேஓப் வந்துவிட்டது. மூன்று ஆட்டம், இரண்டை வென்ற அணி மேலே போகும். முதலாவதும் மூன்றாவதும் இங்கே, நடுவிலுள்ளது வெளியூரில்.

முதல் ஆட்டத்தன்று உள்ளூர் அணியின் கோல் கீப்பர் டேனி, உடுப்பு மாற்றும் அறைக்கு வெளியே குப்பைவாளிக்குள் தலையை விட்டுக்கொண்டு நின்றான். பயத்தில் மத்தியானச் சாப்பாடு முழுவதும் வாளிக்குள். இருபத்திரண்டு வயசுப் பெடியன். நேசராசாவுக்கு ஈரல் கரைந்தது. இங்கிலிசில் சொன்னால் படாது என்ற நம்பிக்கையில் முதுகைத் தட்டி, "டேனி, நீ சுவர். உன்னைத் தாண்டி ஈயும் போகாது" என்றார்.

அன்றைக்கு டேனியைத் தாண்டி ஆறு போனது.

ஆட்டம் முடிந்ததும் அரங்குக்குள் லூர்தம்மா வைத்திருந்த தேத்தண்ணிக் கடை முன்னால் வழக்கு ஆரம்பமானது. ஒரு பக்கம் கெவின். நாற்பது வருடமாக அதே இருக்கையில் இருந்து திட்டுகிற வெள்ளைக்காரன். மறுபக்கம் நேசராசாவின் மருமகன் நிரூபன். கணினி வேலைக்காரன், அணியின் இணையத்தளத்தைச் சம்பளமில்லாமல் பார்க்கிறவன். டேனியை மூன்று வருடத்துக்கு முன் முதன்முதலில் புகழ்ந்து எழுதியது அவன்தான். அன்றுமுதல் டேனி விடும் ஒவ்வொரு கோலும் அவன் வீட்டுக் கோல்.

"அவனுக்குப் பதிலா என்ரை ஃப்ரிட்ஜைக் கொண்டுவந்து வைச்சிருந்தால் மூண்டையாவது மறிச்சிருக்கும்" என்றான் கெவின்.

"முன்னுக்கு நிண்ட ரெண்டு பேரும் மறைச்சுக்கொண்டு நிண்டால் அவன் என்ன செய்யிறது?"

"அஞ்சாவதுக்கு முன்னாலை ஒருத்தரும் இல்லை, நிரூ. டேனியும் இல்லை."

நிரூபன் கைபேசியில் அந்த ஐந்தாவதைத் தேடத் தொடங்கினான். அப்போதுதான் கோப்பை கழுவிக்கொண்டிருந்த லூர்தம்மா, தமிழில், தனக்குத்தானே பேசுவதுபோல உரக்கச் சொன்னார்: "அந்தப் பெடியனைக் குறை சொல்லி என்ன? ஆட்டத்துக்கு முதல் உங்கடை மாமா அவனுக்கு 'நீ சுவர்' எண்டவர். என்ரை ரெண்டு காதாலையும் கேட்டனான். அப்பவே நான் சிலுவை போட்டுக்கொண்டனான்."

மூழ்குகிறவன் கையில் கட்டை அகப்பட்டதுபோல நிரூபன் பிடித்துக்கொண்டான். கரிநாக்கு என்றால் என்ன என்று இங்கிலிசில் விளக்கினான். கார், தலைமயிர், கேக் எல்லாவற்றையும் சாட்சிக்குக் கொண்டுவந்தான். வெள்ளைக்காரர் சிரிப்பார்கள் என்றுதான் நேசராசா நினைத்தார். ஒருவரும் சிரிக்கவில்லை. பிளேஓப் முடியும்வரை தாடி வழிக்காத, அதிர்ஷ்டக் காலுறையைத் துவைக்காத கூட்டம் அது. கெவின் மட்டும், "நாக்கு மூண்டு. மிச்சம் மூண்டும் டேனிதான்" என்று பேரம் பேசினான்.

அடுத்த சனிக்கிழமை வெளியூர் ஆட்டம். நேசராசா போகவில்லை. டேனி ஒன்றை மட்டும் விட்டு, அணி மூன்றுக்கு ஒன்று வென்றது. இனிச் சாட்சி வேண்டுமா? நிரூபன் வீட்டுக்குப் போய்த் தாயிடமும் விளக்கிவிட்டான். அன்றிரவே வெஸ்ட் ஈலிங்கிலிருந்து செல்வமலரின் அழைப்பு வந்தது.

"அண்ணை, நிரூபன் எல்லாம் சொன்னவன். ஆறடி உயரம், நெஞ்சிலை கவசம், தலையிலை இரும்புக் கூடு. அவனுக்கே இந்தக் கதியெண்டால், இது மூண்டரைக் கிலோப் பிள்ளை. முப்பத்தொண்டுக்கு வாங்கோ, சாப்பிடுங்கோ. தூக்கிற கதையை விடுவம்."

நேசராசா போனை வைத்தார். உண்மையில் அவருக்கு அந்த ஆறும் ஏன் போனது என்று தெரியும். டேனியின் கோல் வாசல் இடைவேளையிலும் கழுவின கோப்பை மாதிரி இருந்தது. ஒரு கீறல் இல்லை. பெடியன் அசையவேயில்லை, பயத்தில் விறைத்துப்போய் நின்றிருக்கிறான். ஆனால் முப்பது வருடமாக ஊரே ஒன்றைச் சொன்னால், சொந்த நாக்கின்மேல் யாருக்குத்தான் சந்தேகம் வராது?

மூன்றாவது ஆட்டத்தன்று கெவின் பதினைந்து பேரோடு வந்து வண்டியை மறித்தான்.

"நெஸ், நீ எங்களுக்கு ஒரு உதவி செய்யவேணும். அவங்கடை கீப்பரைப் புகழ்."

நேசராசாவின் மூளை வேகமாக ஓடியது. எதிரணிக் கீப்பர் ஒரு நெட்டையன். அவனைப் புகழ்ந்து, அவன் நன்றாகவும் விளையாடிவிட்டால் நாக்குக் கழுவப்பட்டுவிடும். பேத்தியைத் தூக்கலாம். ஒரேயொரு சிக்கல்: பதினெட்டு வருடமாகச் சோறு போட்ட அணி தோற்கவேண்டும். பிள்ளையாரே, மன்னித்துக்கொள் என்று உள்ளுக்குள் சொல்லி, "ஓம்" என்றார்.

எந்தப் பாஷையில் புகழ்வது என்று ஒரு விவாதம். "போன முறை இங்கிலிசிலை சொன்னதுக்கே ஆறு. தமிழ் எண்டால் பன்னிரண்டு" என்று கெவின் கணக்குப் பார்த்தான். நெட்டையன் உடம்பைச் சூடாக்கிக்கொண்டிருந்த பக்கம் கண்ணாடித் தடுப்பருகே நேசராசாவைக் கொண்டுபோய் நிறுத்தினார்கள். நிரூபன் மொழிபெயர்க்க நின்றான்.

முப்பது வருடம் அடைத்துவைத்த வாய். புகழலாம் என்று ஊரே கெஞ்சுகிறது. நேசராசாவுக்குச் சாமி வந்த மாதிரி ஆகிவிட்டது.

"என்ன பணிவான பிள்ளை! வட்டு வர முதலே முழங்காலிலை இருந்திடுவான். கோயிலிலை கூட நாங்கள் அப்பிடி இருக்கிறேல்லை. முதல் ஆட்டத்திலை ஐஸிலை பாத்தனான், ரெண்டு முழங்கால் பள்ளமும் உரல் மாதிரிக் கிடந்தது. விசுவாசமும் அப்பிடித்தான். கோல் வாசலின்ரை வலப்பக்கத் தூணைக் கட்டின மனுசி மாதிரிப் பிடிச்சுக்கொண்டு நிப்பான். இடப்பக்கத்தைத் திரும்பியும் பாக்கமாட்டான். அந்தப் பக்கத்து ஐஸிலை ஒரு கீறல் இல்லை. ஒழுக்கமெண்டால் அது!"

கெவின் குழுவினர் கைதட்டினார்கள். நிரூபன் மொழிபெயர்ப்பைப் பாதியில் விட்டுவிட்டு, உடுப்பு மாற்றும் அறைப் பக்கமாக ஓடினான். கழிவறைக்காக்கும் என்று எல்லோரும் நினைத்தார்கள்.

உள்ளூர் அணி நான்கு கோல் போட்டது. டேனி மூன்று விட்டான். அதில் ஒன்று அவனுடைய கால்களுக்கு நடுவால், ஆறுதலாக, விலாசம் விசாரித்துக்கொண்டு போனது. நாலுக்கு மூன்று. அரங்கம் கூரை பறக்கக் கத்தியது. கெவின் ஓடிவந்து நேசராசாவைத் தூக்கிச் சுற்றினான். சனமெல்லாம் நாக்கைக் காட்டச் சொல்லிப் படம் எடுத்தது. நடுவில் நேசராசா மட்டும் செத்தவீட்டுக்கு வந்தவர்போல நின்றார்.

காரில் வரும்போது நிரூபன்தான் வாயைத் திறந்தான்.

"மாமா, ஒண்டு சொல்லுவன், கோவிக்கக்கூடாது. நீங்கள் சொன்னதை நான் கப்டனிட்டைச் சொன்னனான். நெட்டையன் முந்தியே முழங்காலிலை விழுவான், வலப்பக்கத்தை விட்டு வரமாட்டான், இடப்பக்கம் மேலாலை அடியுங்கோ எண்டு. நாலும் அதுக்குள்ளாலைதான் போனது. உங்கடை நாக்காலை இல்லை."

நேசராசா இருக்கைப் பட்டியோடு திரும்பினார். "அப்ப அண்டைக்கு டேனி விட்ட ஆறு?"

நிரூபன் சிவப்பு விளக்கைப் பார்த்துக்கொண்டிருந்தான். விளக்குப் பச்சையானது. பின்னால் ஒருவன் ஹோர்ன் அடித்தான்.

"அது… ஐஸ் சரியில்லையாக்கும், மாமா."

"ஐஸ் நான் போட்டது!"

"அப்ப நாக்கெண்டே வைப்பம்."

வீட்டு வாசலில் இறங்கும்போது நேசராசா, "உனக்கு டேனி பெரிசு. சரி" என்று கதவை மெதுவாகச் சாத்தினார். அடித்துச் சாத்தியிருந்தால் நிரூபன் அன்றிரவு நித்திரை கொண்டிருப்பான்.

முப்பத்தொன்று. வெஸ்ட் ஈலிங் வீடு நிறையச் சனம், வடை வாசம். நிரூபன் அழைத்தான் என்று கெவினும் அணியின் சால்வையைக் கழுத்தில் போட்டுக்கொண்டு வந்திருந்தான். வந்தவன் சும்மா இருந்தானா? செல்வமலரின் இரண்டு கையையும் பிடித்து, "உங்கள் சம்பந்தியின் நாக்கு ஓர் ஆயுதம், அம்மா. நாலு கோல்!" என்றான். செல்வமலர் உடனே பிள்ளையைச் சேலைத் தலைப்பால் மூடிக்கொண்டு அறைக்குள் திரும்பினார். நேசராசா கையில் இருந்த வடையைத் தட்டில் திரும்ப வைத்தார்.

கம்சிகா புருசனை ஒரு பார்வை பார்த்தாள். எல்லாவற்றையும் அவள் ஏற்கெனவே பிடுங்கி எடுத்திருக்கவேண்டும்; அந்தப் பார்வையில் அது தெரிந்தது.

"அம்மா, நில்லுங்கோ" என்றான் நிரூபன். கூடம் திரும்பிப் பார்த்தது. "மாமான்ரை நாக்கிலை ஒண்டும் இல்லை. நெட்டையன்ரை பிழையை மாமா ஐஸைப் பாத்துக் கண்டுபிடிச்சவர், நான்தான் கப்டனிட்டைச் சொன்னனான். அந்த ஆறும்…" மனைவியைத் திரும்பிப் பார்த்தான். "டேனி நல்ல கீப்பர் இல்லை, அம்மா."

"என்ன சொல்றான்?" என்று கெவின் பக்கத்தில் நின்றவரைக் கேட்டான். நிரூபன் வேறு வழியில்லாமல் அதை இங்கிலிசிலும் ஒருமுறை சொல்லவேண்டியதாயிற்று. கெவின் கதிரையில் இருந்துவிட்டான். "மூண்டு வருசம்" என்றான். "மூண்டு வருசம் காத்திருந்தனான்." கண்ணைச் சால்வையால் துடைத்துக்கொண்டான்.

செல்வமலர் மகனின் முகத்தைக் கூர்ந்து பார்த்தார்.

"இவன் பல்லு முளைச்சதுக்குப் பிறகு ஒருநாளும் பிழையை ஒத்துக்கொண்டதில்லை. அந்த டேனியையே விட்டுக்குடுக்கிறான் எண்டால் உண்மையாத்தான் இருக்கும். இந்தாங்கோ அண்ணை, பிடியுங்கோ. சொல்லுங்கோ."

பிள்ளை கைக்கு வந்தது. சூடாக, பால் மணத்தோடு. நேசராசா வாயைத் திறந்தார். மகாலட்சுமி நுனிநாக்குவரை வந்து நின்றாள். பேத்தி கண்ணைத் திறந்து அவரை நேரே பார்த்தது. அந்தச் சிவப்புக் காருக்கு என்ன நடந்தாலும் அவருக்கு என்ன? இது அப்படியா?

"மூக்குக் கொஞ்சம் சப்பைதான்" என்றார், அழுதுகொண்டு.

செல்வமலர் சிரித்தார். சிரித்துக்கொண்டே, மூடி வைத்திருந்த இடக்கையை விரித்து, அதற்குள் நாவூறு கழிக்கவென்று வைத்திருந்த செத்தல் மிளகாயையும் உப்பையும் கொண்டுபோய்க் குசினியில் திரும்பக் கொட்டினார்.