கோதுமை இல்லாத லிப்ஸ்டிக்

கேஜிஎஃப் என்கிற தங்கவயலில், ஆண்டர்சன்பேட்டை கடைத்தெருவில் அமலாவின் பியூட்டி பார்லருக்குள் மூன்று பேர் உட்கார்ந்தால் நான்காவது ஆள் வாசலில்தான் நிற்க வேண்டும். ஆனாலும் அமலா யாரையும் திருப்பி அனுப்பியதில்லை. பத்தாவதோடு படிப்பை விட்டு, பெங்களூரில் ஒரு பார்லரில் முடி பெருக்கிக்கொண்டே தொழில் கற்றவள். அவளுக்குக் கத்தரியும் வாயும் ஒன்றாகவே ஓடும்.

போன மாசியில் நேத்ரா வந்தாள். தொழிற்சாலைக் குவார்ட்டர்ஸ் பெண். ஞாயிற்றுக்கிழமை கல்யாணம்.

"அக்கா, எனக்கு சீலியாக். கோதுமை, பார்லி துளி உள்ள போனாலும் வயித்த புடுங்கி எடுத்துடும். உங்க மேக்கப்ல அந்த கோதுமைப் பசை, குளூட்டன், இருக்குதான்னு பாக்கணும்."

"இன்னா கண்ணு, மூஞ்சிக்கு பவுடர்தான பூசறேன், சப்பாத்தியா போடறேன்?"

நேத்ரா சிரிக்கவில்லை. தன் அக்காள் கல்யாணத்தில் பந்தி முடியும்வரை கழிவறையிலேயே கிடந்ததைச் சொன்னாள். சாப்பாட்டைப் பார்த்துப் பார்த்துத்தான் சாப்பிட்டிருந்தாள். சந்தேகமெல்லாம் அன்று பூசிய உதட்டுச் சாயத்தின் மேல்தான். தோல் வழியாகப் போகாது, வாய்க்குள் போவதுதான் ஆபத்து என்று டாக்டர் சொல்லியிருந்தாராம்.

அமலாவுக்குச் சிரித்ததே வெட்கமாகிவிட்டது. அன்று மத்தியானம் இழுப்பறையைக் கவிழ்த்து, போனை வைத்துக்கொண்டு ஒவ்வொரு லேபிளாகப் படித்தாள். கைக்குப் பூசும் கிரீமில் 'டிரிட்டிகம்' என்று இருந்தது. அது கோதுமை என்று போன் சொன்னது. பெண் அந்தக் கையால்தானே சாப்பிடப் போகிறாள்? கிரீமை ஓரம் கட்டினாள். நேத்ரா ஆசைப்பட்ட அடர்சிவப்பு லிப்ஸ்டிக்கில் 'எண்ணெய்கள்' என்று மட்டும் போட்டிருந்தது. எந்த எண்ணெய்?

கம்பெனிக்கே போன் போட்டாள். எடுத்த பெண் இந்தியில் ஆரம்பித்து, கன்னடத்துக்கு மாறி, ஏழு வேலை நாளில் பதில் வரும் என்றாள். அமலாவுக்குச் சுருக்கென்று கோபம் வந்து, தமிழிலேயே வெடித்தாள்.

"இன்னாம்மா நீ! ஞாயித்துக்கிழமை கல்யாணம். அப்பறம் பதில் குடுத்தா நான் யாருக்குப் பூசறது?"

அந்த 'இன்னா'வைக் கேட்டதும் எதிர்க்குரலும் தமிழுக்கு மாறியது. "அக்கா, நீங்க கேஜிஎஃப்பா? நான் பக்கத்துல மாரிகுப்பம்க்கா!"

பெயர் மரியா. காலை ரயிலில் பெங்களூருக்கு வேலைக்குப் போய்வருகிறவள். எந்த சர்ச், யார் வீட்டுப் பெண் என்று பேச்சு எங்கெங்கோ சுற்றி, ஒருவழியாக லிப்ஸ்டிக்குக்குத் திரும்பியது.

"ஃபேக்டரி லேப்லயே கேக்கறேன்க்கா. ஆனா இன்னா இருக்குதோ அதத்தான் சொல்லுவேன்."

மறுநாள் சொன்னாள். "அடர்சிவப்புல கோதுமை எண்ணெய் இருக்குதாம். தொடாதீங்க. செங்கல் கலர்ல இல்ல, அதுக்கு மெஷினும் தனி. மெயில்லயும் அனுப்பிட்டேன்."

நேத்ரா செங்கல் நிறத்தைப் பூசிக் கண்ணாடியில் பார்த்து முகத்தைச் சுளித்தாள். பிறகு, "பரவால்லக்கா. பந்தியில உக்காரலாமில்ல, அது போதும்" என்றாள்.

கல்யாணத்தன்று புது பிரஷ், புது பஞ்சு. பந்தியில் பெண் சாம்பார் சாதத்தை ஒரு பிடி பிடித்தாள். எதிர் வரிசையில் அமலாவின் இலை அப்படியே இருந்தது.

"இன்னாக்கா, சாப்புடாம என்னையே பாக்கறீங்க?"

"பயம்டி எனக்கு!"

மறுநாள் காலை நேத்ராவே கூப்பிட்டு, வயிறு சத்தமே போடவில்லை என்று சொன்ன பிறகுதான் அமலா நிம்மதியாக டீ குடித்தாள்.

இப்போது புதிதாக யார் வந்தாலும், "எது சாப்ட்டா உங்களுக்கு ஒத்துக்காது?" என்றுதான் பேச்சைத் தொடங்குகிறாள். பெரும்பாலும் கத்திரிக்காய் என்று பதில் வருகிறது.