மைக்கில் கேட்ட பெயர்

திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து படப்பைக்குக் குடிவந்து அப்போது இரண்டு வருடம் ஆகியிருந்தது. கணவருக்கு ஒரகடத்தில் ஷிப்ட் வேலை. மகள் ஆனந்தி யு.கே.ஜி. படித்தாள். இந்த ஊர்ப் பேச்சு ஒட்டிக்கொள்ளுமே என்று, பள்ளி விட்டு வந்தால் அவளை நான் தெருவில் விடுவதில்லை.

ஆடிக் கிருத்திகைக்குக் குன்றத்தூர் மலைக்குப் போனோம். கூட்டத்தில் என் கையை விட்டுவிட்டாள். பதறித் தேடும்போது மைக்கில், "கீதுன்னு ஒரு பொண்ணு இங்க அழுதுகினு கீது. பெத்தவங்க வந்து இட்டுகினு போங்க" என்றார்கள். யார் பெற்ற பிள்ளையோ என்று நகர்ந்தோம். மூன்றாம் முறை "மஞ்ச கவுனு" என்று சேர்த்துச் சொன்ன பிறகுதான் ஓடினோம்.

ஆனந்திதான். அங்கே பூக்கடை வைத்திருந்த ஓர் அம்மா அவளிடம், "உன் வூடு எங்க கீது?" என்று கேட்டிருக்கிறார். 'இருக்கு' என்பதைத்தான் இந்தப் பக்கம் 'கீது' என்பார்கள்; இவள் வகுப்பிலோ கீது என்று ஒரு தோழி உண்டு. "கீதுவா? கீதுவா?" என்று இவள் அழ, அதையே இவள் பெயராக மைக்கில் சொல்லிவிட்டார்கள்.

"ஒம் பேரச் சொல்ல வேண்டியதுதானட்டீ?" என்றேன்.

"அவங்க கீதுவத்தானம்மா கேட்டாங்க?"

இப்போதெல்லாம் தெருவில் கூழ் ஊற்றினாலும், பொங்கல் விளையாட்டு நடந்தாலும் அவளைக் கூட்டிப் போகிறேன். கேட்பவர்களுக்கு அவளே பதில் சொல்லட்டும் என்று விட்டுவிடுகிறேன்.

போன வாரம் வீட்டுக்காரம்மா வாசலில் நின்று, "அம்மா எங்க?" என்றார்.

"உள்ள துணி தொவச்சிகினு கீது" என்றாள் ஆனந்தி.

கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். திருத்தவில்லை.

— ஒரு வாசகி, படப்பை